எழுபத்தஞ்சு டிகிரி

டாய்ல் கெட்லர் நல்ல மனுஷன்னு யாராவது சொன்னா எனக்கு இப்பவும் உச்சந்தலை வரைக்கும் சுர்ருனு ஏறும். சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. சர்ச்சுல முன் வரிசையில உக்காருவான். சாவு வீட்டுக்கு முதல் ஆளா வருவான். வேலி அறுந்தா கூடவே நின்னு கட்டித் தருவான். எல்லாம் சரி. என் வீட்டுக்காரர் லானியோட முந்நூறு பீச் பழ மரத்தையும் கொன்னவன் அவன்தான். கொன்னதைக்கூட நான் என்னைக்காவது மன்னிச்சிருப்பேனோ என்னவோ. அதுக்கப்புறம் வாய் கூசாம ஒரு பொய் சொன்னான் பாருங்க, அதை மன்னிக்க எனக்கு மனசு வரல.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜூன் மாசம். டாய்ல் அவன் மேய்ச்சல் நிலத்துல முள்ளுக்கு மருந்து அடிச்சான். முள்ளுன்னா மெஸ்கீட். சீமைக்கருவேலத்தைப் பாத்தவங்களுக்கு அதைப் பத்தி நான் புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. ஒரே குடும்பம், ஒரே குணம். ப்ரேஸோஸ் ஆத்துக்கு வடக்கே இருக்கிற எங்க ஊர்கள்ல அது கால் வெச்ச இடத்துல புல் இருக்காது, புல் இல்லாத இடத்துல மாடு இருக்காது. அதனால அடிக்க வேண்டியதுதான், நான் தப்பு சொல்லல. ஆனா காத்துன்னு ஒண்ணு இருக்கே. அன்னைக்கு நானும் லானியும் டவுன்லேருந்து திரும்பி வர்றோம், வண்டிக் கதவைத் தொறந்தா கதவையே பிச்சுக்கிட்டுப் போற மாதிரி காத்து. அந்தக் காத்துல இந்த ஆளு டிராக்டர்ல ஏறி உக்காந்துக்கிட்டு எங்க வேலியோரமா சாவகாசமா அடிச்சுக்கிட்டிருந்தான்.

நாலாவது நாள் பீச் இலையெல்லாம் கிண்ணம் மாதிரி சுருண்டுச்சு. பத்தாவது நாள் கொழுந்தெல்லாம் முறுக்கிக்கிச்சு. காயெல்லாம் வெடிச்சுக் கொட்டிச்சு. லானி ஒவ்வொரு மரமா போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்து, "இது பொழைக்காது நெல்டா"ன்னு சொன்னாரு. முந்நூறு தடவை அதையே சொன்னாரு.

அரசாங்கத்திலேருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரு. நல்ல மனுஷன், பாவம், அவர் வேலையை அவர் செஞ்சாரு. இலையில மருந்து இருக்குது உண்மைன்னாரு. ஆனா அந்த வாரம் சுத்துவட்டாரத்துல நாலு பேர் அதே மருந்தை அடிச்சிருந்தாங்க. யாரோடது பறந்து வந்துச்சுன்னு காத்துதான் சொல்லணும். இங்க மருந்து அடிக்கிறவன் ஒவ்வொருத்தனும் நோட்டுல எழுதணும். என்ன மருந்து, என்ன நேரம், காத்து எவ்வளவு, எந்தப் பக்கம். டாய்ல் நோட்டை நீட்டினான். 'காத்து மணிக்கு ஆறு மைல். மேற்கு நோக்கி'ன்னு அழகா எழுதியிருந்தது. எங்க தோட்டம் அவனுக்குக் கிழக்கே. அக்கம்பக்கத்துல யாராவது பாத்தீங்களான்னு இன்ஸ்பெக்டர் கேட்டுக்கிட்டுப் போனாரு. யாரும் பாக்கலையாம். அதோட முடிஞ்சுது.

லானி அதுக்கப்புறம் தோட்டத்துப் பக்கம் இருக்கிற ஜன்னலைத் திறக்கவே இல்ல. ரெண்டு வருஷத்துல போய்ச் சேந்துட்டாரு. டாக்டர் இதயம்னு எழுதினாரு. நான் டாய்ல் கெட்லர்னு எழுதிக்கிட்டேன். சாவுக்கு அவன் பெரிய பாத்திரத்துல சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்தான், அதையும் நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். கதவு சாத்தினதும் பாத்திரத்தோட நாய்க்கு வெச்சேன்.

அப்புறம் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அதே மருந்தைக் கத்துக்கிட்டேன். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். லானியோட டிராக்டர்ல தொட்டியைக் கட்டினேன். எதைக் கண்டு என் வயிறு எரிஞ்சுதோ, அதுவே எனக்குச் சோறு போட்டுச்சு. நாலஞ்சு வருஷத்துல இந்த மாவட்டத்துல என்னைக் கேக்காம யாரும் முள்ளு மேல கை வைக்க மாட்டாங்கன்னு ஆயிடுச்சு. 'நெல்டா அடிச்சா வேர் எழும்பாது'ன்னு மாட்டு ஏலக் கொட்டகையில பேசிக்குவாங்க. அந்தப் பேரை நான் சும்மா வாங்கல. காத்து எட்டு மைலைத் தாண்டினா தொட்டியை மூடிட்டு வீட்டுக்கு வந்துடுவேன், வேலை கொடுத்தவன் எவ்வளவு கத்தினாலும் சரி.

இந்தத் தொழிலோட ரகசியம் ஒரே ஒரு விஷயத்துல இருக்கு. வசந்தத்துல முள்ளு துளிர் விடும்போது, வேர்ல சேத்து வெச்ச சத்தையெல்லாம் மேல அனுப்பிக்கிட்டிருக்கும். அப்ப இலையில மருந்து அடிச்சா, இலை கருகும், கிளை காயும், பாக்கிறதுக்கு மரம் செத்த மாதிரியே இருக்கும். ஆனா மருந்து கீழ இறங்காது. மண்ணுக்குள்ள, அடித்தண்டுல இருக்கிற மொட்டெல்லாம் உசிரோட இருக்கும். அடுத்த வருஷம் ஒரு தண்டு இருந்த இடத்துல பதினஞ்சு தண்டு கிளம்பும். அதுக்கப்புறம் அது மரமில்ல, புதர். புதர்னாகூட போதாது, சுவர். அதனால மண்ணு சூடேறுற வரைக்கும் காத்திருக்கணும். ஓரடி ஆழத்துல எழுபத்தஞ்சு டிகிரி, எங்க ஊர் பாரன்ஹீட் கணக்குல. இலையும் பச்சைக்கிளி நிறம் போய் கரும்பச்சையா மாறியிருக்கணும். அப்பத்தான் மரம் சமைக்கிறதை வேருக்கு அனுப்ப ஆரம்பிக்கும், மருந்தும் கூடவே இறங்கும். எழுபத்தஞ்சுக்கு ஒரு டிகிரி குறைஞ்சாலும் நான் டிராக்டரைக் கிளப்பினதில்ல.

போன வருஷம் ஏப்ரல்ல டாய்ல் போன் பண்ணினான்.

"ஏம்மா நெல்டா, என் கிழக்கு மேய்ச்சல் நானூறு ஏக்கரையும் ஒரு கை பாத்துக் குடேன். உன்னை விட்டா வேற யாரு இருக்கா?"

கிழக்கு மேய்ச்சல். எங்க வேலியை ஒட்டினது. அன்னைக்கு அவன் டிராக்டர் ஓட்டின அதே இடம். அப்ப அடிச்சதுல செத்தது என் மரம்தான், அவன் முள்ளு சாகல. நல்லா வளந்து நிக்குது.

அவனுக்கு அது ஏன் அவ்வளவு அவசரம்னும் எனக்குத் தெரியும். ஆத்தோரம் குத்தகைக்கு எடுத்து மாடு மேய்ச்சுக்கிட்டிருந்த நிலத்தை அதோட சொந்தக்காரங்க வித்துட்டாங்க. அடுத்த வருஷம் ஜூலையில காலி பண்ணணும். அவன்கிட்ட முப்பது செவப்பு மாடு இருந்துச்சு. வெள்ளை மூஞ்சி. நாப்பது வருஷமா அவனே காளை பாத்துப் பாத்துச் சேத்து வளத்த வம்சம். ஒவ்வொண்ணுக்கும் பேர் உண்டு. பொண்டாட்டி போனதுக்கப்புறம் அவன் வாயத் தொறந்து பேசினதெல்லாம் அந்த மாடுங்ககிட்டதான். கிழக்கு மேய்ச்சல்ல முள்ளு போய்ப் புல் வந்தா மாடுங்க பொழைக்கும். இல்லைன்னா வண்டியில ஏத்த வேண்டியதுதான்.

நான் சரின்னேன். திட்டம் போட்டுச் சரின்னேன்னு நினைக்காதீங்க. வேலைன்னா வேலை. பொறுக்கிப் பொறுக்கிச் செய்யிறதுக்கு நான் என்ன மகாராணியா?

ஏப்ரல் கடைசி வாரம், காலையில ஏழு மணிக்கு அவன் கேட்டுல போய் நின்னேன். அவன் முன்னாடியே வந்து தொப்பியைப் பின்னால தள்ளிக்கிட்டு நிக்கிறான். எழுபத்துநாலு வயசு. ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்து, எதிர்ல நிக்கிற ஆளையே குரலை வெச்சுதான் கண்டுபிடிப்பான்.

"என்ன நெல்டா, மண்ணு ரெடியா?"

"பாத்துடலாம், மிஸ்டர் கெட்லர்."

தெர்மாமீட்டரை எடுத்து மண்ணுக்குள்ள ஓரடி இறக்கினேன். நீளமான இரும்புக் குச்சி, மேல வட்டமா டயல். அஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். முள்ளு பூராவும் இளம்பச்சை. பாத்தவுடனேயே தெரிஞ்சுபோச்சு, இன்னும் மூணு வாரமாவது ஆகும். ஊசி போய் அறுபத்தாறுல நின்னுச்சு.

'இன்னும் நேரம் வரல, மே கடைசியில வர்றேன்'னு சொல்லத்தான் நான் வாயைத் தொறந்தேன். சத்தியமா அதுக்குத்தான் தொறந்தேன். அதுக்குள்ள அவன் பேச ஆரம்பிச்சான்.

"காத்தை மட்டும் பாத்துக்கம்மா. இந்த ஊர்க் காத்தை நம்ப முடியாது. உன் லானியோட மரத்துக்குக்கூட பாரு, பாவம், எவன் அடிச்சது எங்கேருந்து வந்துச்சோ. இன்னைய வரைக்கும் யாருக்கும் தெரியல."

என்கிட்டயே சொல்றான். அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அந்தப் பக்கம் காஞ்ச மரத்தோட கட்டையெல்லாம் இன்னும் நிக்கும்போது சொல்றான். அதுவும் நடிக்கல. ஏழு வருஷமா சொல்லிச் சொல்லி அவனுக்கே அது நிஜமாயிடுச்சு.

"எவ்வளவும்மா காட்டுது?" அப்படின்னு குனிஞ்சு கேட்டான்.

"எழுபத்தஞ்சு," அப்படின்னேன்.

என் குரல் துளிகூட நடுங்கல. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

அவன் ஒரு கிளையை இழுத்து இலையை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சுக் கசக்கிப் பாத்தான். கண்ணுதான் போச்சு, விரல் போகல. "பிஞ்சு மாதிரியில்ல இருக்கு?"

"நேத்து தூறல். நனைஞ்சிருக்கு. அதான் மெத்துன்னு இருக்கு."

"அப்படியா? சரி, உனக்குத் தெரியாததா?" அப்படின்னு சிரிச்சுட்டு ஒதுங்கி நின்னான்.

நான் நோட்டை எடுத்தேன். 'மண் சூடு எழுபத்தஞ்சு'ன்னு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஒரு பொய்யை நோட்டுல எழுதினா அது எவ்வளவு மரியாதையா ஆயிடுதுன்னு அன்னைக்குத்தான் பாத்தேன்.

எட்டு நாள் அடிச்சேன். ஒரு மரம் விடாம அடிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, ரெண்டாவது நாள் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அவனுக்காக இல்ல. கெட்ட வேலை செஞ்சு என் கைக்குப் பழக்கமில்ல. திரும்பி வரும்போதெல்லாம் அடிச்ச வரிசையைப் பாத்தா கூசும். அப்ப வேலிக்கு அந்தப் பக்கம் பாத்துக்குவேன். கூச்சம் போயிடும்.

மே முடியறதுக்குள்ள நானூறு ஏக்கரும் காவி நிறமாயிடுச்சு. இலை கொட்டிடுச்சு. டாய்ல் கையில வறட்டுக் குச்சியை ஒடிச்சு ஒடிச்சுப் பாத்துட்டு, சந்தோஷத்துல தலைகால் புரியாம என் வீட்டுக்கே வந்துட்டான். பதினாலு மணி நேரம் புகை போட்டு வேக வெச்ச மாட்டு நெஞ்சுக்கறி ஒரு முழுத் துண்டு, பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு வந்தான்.

"நீ என் மாடுகளைக் காப்பாத்திட்டே நெல்டா. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"உங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன், மிஸ்டர் கெட்லர்?"

இந்தத் தடவை நாய்க்கு வெக்கல. நானே உக்காந்து சாப்பிட்டேன். அவ்வளவு ருசியா இருந்துச்சு, அதுதான் கொடுமை.

அந்தச் சந்தோஷத்துல அவன் அந்த வருஷம் ஒரு கிடாரியைக்கூட விக்கல. எல்லாத்தையும் வெச்சுக்கிட்டான். முப்பது நாப்பதாச்சு. நான் வாயைத் தொறக்கல.

இந்த வருஷம் ஏப்ரல்ல ஒரு காலையில வேலியோரமா நடந்து போய்ப் பாத்தேன். காஞ்ச மரம் ஒவ்வொண்ணோட காலடியிலயும் மொட்டு வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒரு மரத்துல எண்ணினேன். பத்தொம்பது. பக்கத்து மரத்துல பதினாலு. நான் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். லானி செத்ததுக்கப்புறம் நான் வாய்விட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

ஜூன்ல எனக்கு வழக்கம்போல வேலை. ஹாய்ட் ப்ரூவிட் மேய்ச்சல்ல அடிச்சேன். மெர்ல் ஸ்டாக்கெட் மேய்ச்சல்ல அடிச்சேன். ரெண்டு பேருமே எங்க பக்கத்து வேலிக்காரங்க. அவங்க மேய்ச்சல்ல எல்லாம் முறையாத்தான் செஞ்சேன், அதுல சந்தேகமே வேண்டாம். மூணு இடத்துல குத்திப் பாத்துட்டுத்தான் தொட்டியைத் தொறந்தேன்.

ஜூலையில டாய்ல் குத்தகை நிலத்தைக் காலி பண்ணி, மாடுகளை ஓட்டிக்கிட்டுக் கிழக்கு மேய்ச்சல் கேட்டைத் தொறந்தான். மாடு உள்ளயே போகலையாம். எப்படிப் போகும்? இடுப்பளவு முள்ளு, கதவு போட்ட மாதிரி நிக்குது. மழையும் இந்த வருஷம் கண்ணுல காட்டல. விழுந்த நாலு தூறலையும் முள்ளே குடிச்சுடுச்சு. ஒரு மாசம் மாடுங்களுக்கு வைக்கோல் வாங்கிப் போட்டுப் பாத்தான். அதுக்கு மேல முடியல.

ஆகஸ்ட் ரெண்டாவது வியாழக்கிழமை அவன் மாடுங்க ஏலத்துக்கு வருதுன்னு தெரிஞ்சுது. நான் தலையை வாரி, நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டு ஏலக் கொட்டகைக்குப் போனேன். கல்யாணத்துக்குப் போற மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

கொட்டகைக்குள்ளயே ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. ஏலம் தொடங்கற வரைக்கும் எல்லாரும் அங்கதான். ஜன்னல் பக்கத்துப் பெரிய மேஜையில டாய்ல் உக்காந்திருந்தான், கூட ஹாய்ட், மெர்ல், இன்னும் ரெண்டு மூணு பேர். நான் பக்கத்து மேஜையில அவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து காபியும், பெக்கான் பருப்பு வெச்ச இனிப்புப் பலகாரமும் சொன்னேன். கண்ணு தெரியாததால டாய்ல் என்னைக் கவனிக்கல. மத்தவங்களும் பேச்சு மும்முரத்துல திரும்பிப் பாக்கல.

மெர்ல்தான் ஆரம்பிச்சான். "நெல்டாவுக்குக் கைத்திறன் போயிடுச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. இப்படியா அடிப்பா? நாலு வயசுப் பிள்ளை அடிச்சாக்கூட வேர் செத்திருக்கும்."

"அட விடுப்பா," டாய்ல் சொன்னான். குரல் மெதுவா, தேன் மாதிரி. "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. என் கண்ணு முன்னாடிதான் மண்ணைக் குத்திப் பாத்தா. எழுபத்தஞ்சு இருந்துச்சு. நோட்டுலகூட எழுதியிருக்கா. என்ன, தனியா கிடக்கிற பொம்பளை. வயசும் ஆகுது. மருந்து கலக்கும்போது எங்கயோ தப்பா அளந்துட்டா. பாவம்."

பாவமாம்!

நான் ஏழு வருஷமா ராத்திரி பகலா மனசுல வெச்சு, காத்திருந்து, கண்ணை மூடிக்கிட்டு ஒரு காரியம் பண்ணியிருக்கேன். அந்த ஆளோட நாப்பது மாடும் பின்னாடி கொட்டடியில நின்னு கத்துது. அதைக் கேட்டுக்கிட்டு இவன் என்னைப் பாவம்கிறான். மன்னிச்சு விடறான்! எவ்வளவு பெரிய மனசு! என்னைக் கெட்டவள்னு சொல்லியிருந்தாக்கூட உக்காந்து பலகாரத்தைத் தின்னுட்டுப் போயிருப்பேன். அளக்கத் தெரியாதவள்னு சொல்லிட்டான்.

நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சேன்.

"அறுபத்தாறு," அப்படின்னேன்.

டாய்ல் தலையைத் தூக்கிக் குரல் வந்த பக்கம் திருப்பினான். "நெல்டாவா?"

"நெல்டாதான். அன்னைக்கு மண்ணுல அறுபத்தாறு டிகிரி இருந்துச்சு. எழுபத்தஞ்சுன்னு உன்கிட்டச் சொன்னது பொய். நோட்டுல எழுதினதும் பொய். இலை நனையல, பிஞ்சாத்தான் இருந்துச்சு, உன் விரல் சரியாத்தான் சொல்லிச்சு. மருந்து ஒரு சொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. நான் அளந்தா அளந்ததுதான். வேர் எழும்பும்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். எழும்பணும்னுதான் அடிச்சேன்."

கடைக்காரி ட்ரூடி கையில காபி கூஜாவோட அப்படியே நின்னுட்டா.

"ஏன்?" அப்படின்னான் டாய்ல். நிஜமாவே கேக்கிறான்.

"ஏனா? என் நம்பரை நான் சொல்லிட்டேன் டாய்ல். லைசென்ஸ் போகும், போகட்டும். இப்ப உன் நம்பரைச் சொல்லு. அன்னைக்குக் காத்து எவ்வளவு?"

"அது... ஆறு மைல். நோட்டுலயே இருக்கே."

"நோட்டுல என் எழுபத்தஞ்சும்தான் இருக்கு!"

டாய்லுக்குப் பதிலா ஹாய்ட் பேசினான். தட்டைப் பாத்துக்கிட்டே பேசினான்.

"விட்டுடு டாய்ல். இன்னும் எதுக்கு? அன்னைக்குக் காத்து என் கொட்டகைத் தகரத்தைத் தூக்கிட்டுப் போய் ரோட்டுல போட்டுச்சு."

நான் திரும்பிப் பாத்தேன். "என்ன சொன்னே?"

"தகரம். அன்னைக்குத்தான் பறந்துச்சு. கிழக்கே."

"உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும், நெல்டா," மெர்ல் சொன்னான். "பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம். இந்தக் காத்துல அடிக்கிறானே இந்தாளுன்னு நானும் ஹாய்ட்டும் பேசிக்கிட்டோம்."

"இன்ஸ்பெக்டர் உங்க வீட்டுக்கு வந்தாரே."

"வந்தாரு."

"என்ன சொன்னீங்க?"

"கவனிக்கலைன்னு சொன்னோம். என்ன பண்றது? டாய்ல் பக்கத்து வேலிக்காரன். நாளைக்கு மாடு தப்பி ஓடினா அவன் முகத்துலதானே முழிக்கணும்."

"லானி யாருடா? லானி உங்களுக்குப் பக்கத்து வேலிக்காரன் இல்லையா? உன் பொண்ணு கல்யாணத்துக்கு எட்டு கூடை பீச் அனுப்பினாரே, அப்ப வேலி எங்க இருந்துச்சு?"

எட்டு வருஷமா ஒரே ஒருத்தன் மேல கோபத்தை வெச்சுக்கிட்டு, மத்தவங்க வீட்டுக்கெல்லாம் போய் காலை வணக்கம் சொல்லி, அவங்க மேய்ச்சலை என் சொந்த நிலம் மாதிரி பாத்துப் பாத்து அடிச்சுக் கொடுத்திருக்கேன். லானி கடைசி வரைக்கும், 'ஒருவேளை அந்தக் காத்து நமக்குத்தான் தப்பாத் தெரிஞ்சுதோ நெல்டா'ன்னு கேட்டுக்கிட்டே செத்தாரு. ஒரு வார்த்தை. இவனுங்க ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் நிம்மதியாவாவது போயிருப்பாரு.

ஒலிபெருக்கியில கெட்லர் மாடுகன்னு கூப்பிட்டாங்க. டாய்ல் மேஜையைப் பிடிச்சு எந்திரிச்சான். தொப்பியைத் தேடினான், அது அவன் கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. யாரும் எடுத்துக் கொடுக்கல.

"இருபது மைலுக்கு மேல இருக்கும்," அப்படின்னான். யார் முகத்தையும் பாக்காம, ஆனா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி. "உங்க பக்கம்தான் அடிச்சுது. அன்னைக்கு விட்டா அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கணும்னு பாத்தேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். கதவைத் தடவிக்கிட்டு மாட்டுப் பக்கம் போயிட்டான்.

நான் கேக்கணும்னு ஏங்கின வார்த்தையைக் கேட்டாச்சு. ஊர் நடுவுல, அவன் வாயாலயே கேட்டாச்சு. வயிறு குளிர்ந்துச்சான்னா, குளிர்ந்துச்சு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மேஜையில இன்னும் நாலு பேர் உக்காந்து முள்கரண்டியைத் திருப்பிக்கிட்டு இருந்தாங்க. அவனுங்களைப் பாக்கப் பாக்கத் திரும்பவும் ஏற ஆரம்பிச்சுது.

தட்டுல பலகாரம் பாதி மிச்சம். ட்ரூடி, "காசு வேண்டாம் நெல்டா"ன்னா. நான் தொப்பியை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன்.

கதவுகிட்ட வரும்போது ஹாய்ட் கூப்பிட்டான். குரலே வேற மாதிரி இருந்துச்சு.

"நெல்டா. ஜூன்ல நம்ம மேய்ச்சல்ல அடிச்சியே."

"ஆமா."

"அன்னைக்கு மண்ணுல... எத்தனை டிகிரி இருந்துச்சு?"

மெர்லும் நிமிந்து பாத்தான். அவன் மூஞ்சியில ரத்தமே இல்ல. முள்ளு செத்துச்சா, செத்த மாதிரி நடிக்குதான்னு அடுத்த வசந்தம் வரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது, அது அவனுக்கும் தெரியும். ஹாய்ட் மேய்ச்சல்ல எழுபத்தொம்பது இருந்துச்சு. மெர்லோடதுல எண்பத்தொண்ணு. இலை கரும்பச்சை. வேர் ஒண்ணுகூட எழும்பாது, என் தலை மேல அடிச்சுச் சத்தியம் பண்ணுவேன்.

"நோட்டுல எழுதியிருக்கேன், பாத்துக்கோ," அப்படின்னு சொல்லிட்டு வெளிய வந்து வண்டியை எடுத்தேன்.